நாளை முதல் படிப்பவர்

எங்கள் எட்டயபுரத்துக் கரிசலில் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம், டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வருமா என்று போனைப் பார்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். நம்மாள் இரண்டாவது கூட்டம். எழுதுவது குரூப் 4. பெயரும் அதுவாகவே நிலைத்துவிட்டது. "ஏ குரூப் ஃபோரு, ஒரு டீ சொல்லட்டுமா?" என்றுதான் பேருந்து நிலையத்து டீக்கடையில் கூப்பிடுவார்கள்.

ஆளைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அலாரத்தை அணைக்கப் போனை எடுப்பார். எடுத்த கையோடு ஏரோபிளேன் மோடு போடப் போவார். போடுமுன், அவசரமாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்ப்பார். பிறகு ஸ்டேட்டஸ்: "போன் விரதம். நாள் 1." அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பார். அந்த நேரத்திலும் நாற்பது பேர் பார்த்திருப்பார்கள். எல்லாருமே படிப்பதற்காக எழுந்தவர்கள்.

"நாள் 2" என்று அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை.

கவனம் சிதறாமல் படிப்பது எப்படி என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிற முறையை டீக்கடைக்காரருக்கே சொல்லிக்கொடுத்தவர். அவரும் அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார, கடையில் கலவரம். நம்மாள் போனில் ஒரு செயலி உண்டு. போனைத் தொடாமலிருந்தால் திரையில் மரம் வளரும், தொட்டால் பட்டுப்போகும். ஊரைச் சுற்றி வேலிக்கருவைதான் என்றாலும், அவர் போனுக்குள் ஒரு சோலையே நிற்கும் என்று நம்பித்தான் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் கருகிய மரங்கள். "மரம் வளர்ந்துச்சான்னு பாக்கப் போறதுலதான் அண்ணாச்சி பட்டுப்போகுது" என்றார்.

டெலிகிராமில் பதினெட்டுக் குழுக்கள். வருகிற பி.டி.எஃப். எல்லாம் இறங்கிவிடும். "கட்டாயம் படிக்க" என்றொரு ஃபோல்டர். அதற்குள் "மிக முக்கியம்". அதற்குள் "இதை மட்டும் படி". அதைத் திறந்தால், "நேரத்தை நிர்வகிப்பது எப்படி: 212 பக்கங்கள்".

ஒருநாள் மணிமண்டபத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார். கல்கி ஊரூராக நிதி திரட்டி 1947-இல் பாரதிக்கு எழுப்பிய மண்டபம். காற்றும் நன்றாக வரும். காதில் இயர்போன், முகத்தில் பக்தி. சென்னை அகாடமி ஒன்றின் வீடியோ. ஆசிரியர் தொண்டை கிழியக் கத்துகிறார்: "சீறாப்புராணம்! பாடியவர் உமறுப்புலவர்! அடக்கமான இடம் எட்டயபுரம்! நோட் பண்ணிக்கோங்க!" நம்மாள் சிவப்பு மையில் எட்டயபுரம் என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டார்.

"ஏப்பா, புலவர் தர்கா நம்மூர்லதானே இருக்கு? நடந்து போயிட்டு வந்தா ஆயுசுக்கும் மறக்காதே?" என்றேன்.

"வெயிலா இருக்கு அண்ணாச்சி. அதுவும் போக, போற வழியில நாலு பேரு பேச்சுக் குடுப்பாங்க. டிஸ்ட்ராக்‌ஷன்."

அந்தக் காலத்தவர்கள்மேல் அவருக்கு ஒரு பொறாமை உண்டு. "பாரதியாருக்கு என்ன அண்ணாச்சி, நெட்டா இருந்துச்சு?" என்பார். நெட் இல்லைதான், ஜமீன் இருந்ததே! பாரதியே அரண்மனையில் வேலை பார்த்தவர். கவுண்டனூர் ஜமீன் என்று பேரை மாற்றி, வேலையற்ற தர்பாரையும் துதிபாடிகளையும் 'சின்னச் சங்கரன் கதை'யில் வறுத்தெடுத்தவர். வெட்டி வம்பில் பொழுது எப்படிக் கரையும் என்று அதைப் படித்தால் தெரியும். நம் கையில் இருக்கிற ரீல்ஸுக்கு அந்த தர்பாரே தேவலை; ராத்திரியானால் ஜமீன்தாராவது தூங்கப் போவார்.

இதைச் சொல்லித் தொலைத்தது தப்பு. மறுநாளே புதுக்கொள்கையோடு வந்துவிட்டார். "சின்னச் சங்கரன் கதையும் பாதியில நிக்குது. சீறாப்புராணமும் நபியோட சரித்திரம் முடியிறதுக்கு முன்னாலயே நின்னுருச்சு. முடிக்காம விடுறது நம்மூரு வழக்கம் அண்ணாச்சி!"

5027 விருத்தம் பாடிவிட்டு நிறுத்தியவரோடு, 212 பக்கத்தை இறக்கிவிட்டு நிறுத்தியவர் தோளில் கை போடுகிறார். சும்மா விடலாமா? சுப்பராம தீட்சிதரை எடுத்துவிட்டேன். முத்துசுவாமி தீட்சிதர் மரபில் வந்தவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். கீர்த்தனைகளை சுரப்படுத்தி நூலாக்கச் சொல்லி சின்னசாமி முதலியார் மன்றாடினார், அரசரும் சொன்னார், அறுபது வயதில் உட்கார்ந்தார் மனுஷர். 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இந்த ஊர் அச்சகத்திலேயே அச்சாகி வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். தெலுங்கு எழுத்து, தலைக்குமேல் கமகக் குறிகள். ஒரு குறி பிசகினால் ராகமே வேறாகிவிடும்.

நம்மாள் யோசித்தார். "அவருக்குச் சொல்ல ராஜா இருந்தாரு. எனக்கு யாரு இருக்கா?"

அம்மா இருக்கிறார். "போன வையிடா" என்று நாளுக்கு முப்பது தரம் சொல்கிறார். அரசாணை வீட்டுக்குள் செல்லுபடியாவதில்லை. அவசரத்துக்கு அம்மாவும் மகனைக் கூப்பிடுவது போனில்தான், அடுத்த அறையிலிருந்து.

பரீட்சை நாள் வந்தது. வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம். வெளியே வந்தவர் முகத்தில் அப்படியொரு தேஜஸ்.

"அண்ணாச்சி, முழுசா மூணு மணி நேரம்! போனைத் தொடவே இல்ல!"

"பரீட்சை எப்படிப்பா?"

"அது கெடக்கு. இத மொதல்ல ஸ்டேட்டஸ் போடணும்."

இப்போது ஆள் கண்ணிலேயே படுவதில்லை. நேற்று டீக்கடையில் மடக்கிவிட்டேன். அடுத்த தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாயிற்றா என்றேன். "எங்க அண்ணாச்சி! கட் ஆஃப் எவ்வளவு வரும்னு ஏழு சேனல்ல ஏழு மாதிரி சொல்றான். பூராத்தையும் பாத்து முடிக்கணும்ல?"