இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்

(பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளட்ச் புலம்பல். அதனால் எல்லாமே கிளட்ச்.)

கே: என் 1972 எம்.ஜி.பி.யில் ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று கத்துகிறது. மெக்கானிக் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். இறக்கிவிடலாமா? – வாசகர், லெஸ்டர்

ப: எதைப் பார்த்துச் சொன்னார், வண்டியையா, உங்கள் பர்ஸையா?

கிளட்சுக்கு வரும் வியாதிகளில் இரண்டு ஒன்றுக்கொன்று நேரெதிர். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போவது ஒன்று: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி சாவகாசமாகப் போகும். இது ஸ்லிப். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது மற்றொன்று: பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் கட் ஆகாது, கியர் கத்தும். பிளேட் தேய்ந்தால் வருவது முதலாவது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. அவர் தூக்கில் போடச் சொல்லும் பிளேட் பெரும்பாலும் நிரபராதி.

எம்.ஜி.பி.யில் இந்த விசாரணையை ஒழுங்காக நடத்தியே தீர வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாகக் கழற்றிக் கிளட்சைப் பார்க்க ஆபிங்டன் தொழிற்சாலைக்காரர்கள் வழி வைக்கவில்லை. தனியாகவோ கியர்பாக்ஸோடு சேர்த்தோ, இன்ஜின் மேலே வந்தாக வேண்டும். 

முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். பெடலை முழுக்க மிதித்து, பத்து வரை எண்ணி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அந்த கியருக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் பொய் சொல்லத் தெரியாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் கட் ஆகிறது, நீங்கள்தான் அவசரக்காரர். அப்போதும் கத்தினால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுப் போங்கள். மேலே ஒருவர் பெடலை மிதிக்கட்டும். ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12, 13 மி.மீ. வந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். 8, 9 மி.மீ.யோடு நின்றுவிட்டால் குற்றவாளி வெளியே. காற்று, சீல், பின் – இந்த மூவரில் ஒருவர்.

கே: அதே கதைதான் எனக்கும். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டு சிலிண்டரும் புதிது, காற்றும் எடுத்தாயிற்று. ஆனாலும் பெடல் கொஞ்ச தூரம் சும்மா போய்த்தான் வேலையைத் தொடங்குகிறது. கிளட்சை 'டைட்' வைத்துக் கொடுக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். – வாசகர், ஹாரோ

ப: சிரித்தது சரிதான். எம்.ஜி.பி. ஹைட்ராலிக்ஸில் டைட் வைக்க நட்டே கிடையாது. நீங்கள் பார்க்காமல் விட்டது மூன்றாமவரை.

பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டர் பக்கத்திலுள்ள பெடல் பெட்டியின் தகர மூடியைக் கழற்றுங்கள். பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் தண்டையும் கோக்கும் பின் கண்ணில் படும். 5/16 அங்குல கனம், கூடவே ஒரு ஸ்பிளிட் பின். உருவிக் கையில் எடுத்து விரலால் தடவினால், நடுவில் படிக்கட்டு வெட்டினாற்போல் தேய்ந்திருப்பது தெரியும். அதோடு விடாமல் பெடலில் உள்ள துளையையும் பாருங்கள். வட்டமாகத் துளைத்தது நாமக்கல் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ஐம்பது வருட மிதி அல்லவா!

இங்கே மேலே வீணாகும் அசைவில் ஒரு பங்கைக் கீழே ஸ்லேவ் தண்டு இழக்கிறது. மொத்தமே அரை அங்குலம்தான் கைவசம் இருக்கும்போது அது பெரிய நஷ்டம். பின்னை மட்டும் மாற்றினால் பாதி குணம்தான். துளையை வெல்டிங் வைத்து அடைத்துச் சரியான அளவில் மறுபடி துளைத்தால் முழு குணம். கீழே ஸ்லேவ் தண்டு முள்கரத்தோடு (கிளட்ச் ஃபோர்க்) சேரும் இடத்திலும் இதே மாதிரி ஒரு பின் உண்டு, அதையும் உருவிப் பாருங்கள். சில்லறைக் காசுச் சாமான். இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கி, புது கிளட்ச் போட்டு, மறுபடி ரிவர்ஸில் 'கர்ர்' கேட்டவர்கள் ஏராளம்.

கே: பெடலை இரண்டு முறை பம்ப் செய்தால் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. – வாசகர், குரோய்டன்

ப: லைனில் காற்று. காற்று எடுத்தும் தீரவில்லையென்றால் பெடலை மிதித்தபடி முதல் கியரில் அரை நிமிடம் நில்லுங்கள், முன்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து. வண்டி மெல்ல நகரப் பார்த்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. டப்பாவில் அளவு குறையாது, அதனால் நம்பிவிடாதீர்கள்.

கே: கிளட்ச் டப்பா காலி. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

ப: ஊற்றலாம். ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்த பிறகு இரண்டு சிலிண்டரையும் ஹோஸையும் சேர்த்து வாங்கலாம். டாட் 4 பிரேக் ஆயில் மலிவு.

கே: என்னுடையது 1964 எம்.ஜி.பி. நின்ற இடத்தில் முதல் கியர் போடும்போது சில சமயம் முனகுகிறது. – வாசகர், லண்டன்

ப: 1967 கடைசி வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஒரு நொடி இரண்டாவதில் தட்டிவிட்டு முதலாவதுக்கு வாருங்கள். அப்போதும் கத்தினால் எழுதுங்கள்.

கே: எனக்கு நேர்மாறு. மேட்டில் டாப் கியரில் மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, ஸ்பீடாமீட்டர் முள் ஏற மறுக்கிறது. கருகிய வாடை வேறு. – வாசகர், ஷெஃபீல்ட்

ப: இதுதான் அசல் ஸ்லிப். ஷெஃபீல்ட் மேடுகளில் ஓட்டினால் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் பிளேட்டைத் தண்டிக்கும் முன் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

பெல் ஹவுசிங்கின் அடியில் சிறு துளை ஒன்றும், அதில் தொங்கும் ஸ்பிளிட் பின்னும் உண்டு. துளை அடைபடாமல் இருக்க அந்த ஏற்பாடு. அங்கே எண்ணெய் சொட்டினால் பிளேட்டும் குளித்துக்கொண்டிருக்கலாம். எந்த எண்ணெய்? முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் எம்.ஜி.பி. கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயில்தான். நிறம் பாருங்கள். கறுப்பென்றால் இன்ஜினுடையது, தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸுடையது. ஆரம்பகால மூன்று பேரிங் இன்ஜின்களின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப ஒரு சுருள் வரிப் பள்ளம் மட்டுமே, அதுவும் இன்ஜின் ஓடும்போதுதான் வேலை செய்யும். சரிவில் நிறுத்தினால் சொட்டும். அதோடு வாழப் பழகியவர்கள் தரையில் அட்டைப் பெட்டி விரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இரண்டாவது இடம், ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் கீழே போய்விடும், திரும்பி வரத்தான் திணறும். நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே நிற்கும். ஸ்லிப் ஆகும்போது நிறுத்தி, ஸ்லேவின் பிளீடு நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சியடித்து, ஸ்லிப்பும் நின்றால் ஹோஸ்தான். இரண்டும் இல்லையென்றால் இன்ஜினை இறக்குங்கள், ஆட்சேபணை இல்லை.

கே: சிக்னலில் கிளட்சை மிதித்தபடி முதல் கியரில் தயாராக நிற்பேன். தவறா? 

ப: பந்தயத்தில் சரி. எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங்கில் உருளும் குண்டுகள் கிடையாது, கிராஃபைட் வளையம் ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். மிதிக்கும் நேரமெல்லாம் பென்சில் சீவுகிற கணக்கு. கிராஃபைட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசினால் பெடலை மிதித்ததும் கிறீச்சிடும். நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள்.

கே: டிரையம்ப் டிஆர்6. நேற்று வரை ஒழுங்கு. இன்று பெடல் கல்லாக இருக்கிறது, கிளட்ச் கட் ஆகவே இல்லை. ஸ்லேவ் தண்டு நகர்கிறது. – வாசகர், டொராண்டோ

ப: டிஆர்6 வைத்திருப்பவர்கள் தாழ்ந்த குரலில் பேசும் விஷயம் இது. உள்ளே குறுக்குத் தண்டில் முள்கரத்தைப் பூட்டியிருக்கும் கூம்பு வடிவ பின் முறிந்திருக்கும். தண்டு திரும்புகிறது, முள்கரம் கூடவே திரும்புவதில்லை. ஒரு ஆறுதல், இன்ஜின் இருந்த இடத்தில் இருக்கலாம். சீட்டையும் நடுச்சுரங்க மூடியையும் கழற்றி, கியர்பாக்ஸைக் காருக்குள்ளேயே இழுத்து, கதவு வழியாக வெளியேற்றுவார்கள். திரும்பப் பூட்டும்போது முள்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து இரண்டாவதாக ஒரு போல்ட்டும் போடச் சொல்லுங்கள். 

எல்லாம் முடிந்ததும் ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி, இன்ஜின் முன்னாலுள்ள புல்லியைப் பாருங்கள். முன்னால் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் ஆபத்து. அனுமதி 0.15 முதல் 0.20 மி.மீ. வரைதான். அதற்கு மேல் போனால் கிராங்க் ஷாஃப்ட்டின் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை முழுக்கத் தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கையே தின்றுவிடும்.

கே: என்னிடம் இருப்பது அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார் கூட்டத்தில் கேள்வி கேட்கலாமா? – வாசகர், சென்னை

ப: முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் ஹெரால்டுடையதை வெட்டிக் குறுக்கியது. இரண்டுக்கும் உடல் வரைந்ததும் ஒரே வடிவமைப்பாளர், மிக்கெலோட்டி. மெட்ராஸில் ஹெரால்டு தயாரித்தபோது ஸ்பிட்ஃபயரின் அண்ணனைத்தான் தயாரித்தோம். டிஆர்6காரருக்குச் சொன்ன புல்லி சோதனை உங்களுக்கும் பொருந்தும்.

கே: குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற எம்.ஜி.பி.யில் இப்போது எந்த கியரும் விழவில்லை. ஸ்லேவ் தண்டு முழு தூரம் நகர்கிறது. – வாசகர், அபர்டீன்

ப: ஈரத்தில் பிளேட் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். ஆளில்லாத மைதானத்தில், இரண்டாவது கியரில், பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி துள்ளிக் கிளம்பும். பெடலை விடாமல் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்தால் 'டக்' என்று விடும். ஷெட்டுக்குள்ளேயே இதைச் செய்தால் ஷெட்டுக்குப் புது வாசல் கிடைக்கும்.

கே: பழைய போர்ஷே 911-க்கும் இதே சோதனைகள்தானா?

ப: 1986 வரை வந்ததற்கு இல்லை. அதில் கேபிள், ஆயிலே கிடையாது. 1987 மாடலில்தான் ஹைட்ராலிக் வந்தது.

கே: ஞாயிறுதோறும் என் கணவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி... விடு... மிதி" என்கிறார். கிளட்சில் காற்று எடுக்கிறாராம். எனக்கு விடுதலை உண்டா? – வாசகி, பர்மிங்காம்

ப: உண்டு. எம்.ஜி.பி. கிளட்ச் லைனில் மேலிருந்து மிதித்துக் காற்றை விரட்டுவது வீம்பு. காற்று மேலே போகத்தான் விரும்பும், அதைக் கீழே தள்ளுவானேன்? சுத்தமான ஆயில் கேனிலோ பெரிய சிரிஞ்சிலோ பிரேக் ஆயிலை நிரப்பி, ஸ்லேவ் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். குமிழிகள் மேலே டப்பாவில் வந்து வெடிக்கும். பெடலுக்கு ஆளே வேண்டாம். ஒன்றே ஒன்று: டப்பா நிரம்பி வழிந்தால் அந்த ஆயில் பெயிண்டை உரித்துவிடும், அதனால் மேலே துணியோடு ஒருவர் நிற்க வேண்டும். அதற்கும் அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.