பஸ்ஸு போவுதே!

சென்னையில் ஏறி உட்காரும்போது அவருடைய இலக்கு கன்னியாகுமரி. வேலூர்க் கோட்டை வாசலில் படம் எடுத்துப் போடும்போது அது மதுரையாகிவிடும். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் திருவண்ணாமலை. வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஆலங்காயம் வந்து சேர்கையில், “இந்த ஜவ்வாது மலையை ஏறி ஜமுனாமரத்தூரைத் தொட்டுட்டா அதுவே பெரிசு” என்ற பக்குவம் வந்திருக்கும். மேற்கொண்டு ஒரு டீ குடித்தால் ஜமுனாமரத்தூரும் கரைந்துவிடும். குடிக்கிறார்.

நெடுந்தூர சைக்கிள்காரர் என்ற இந்த இனம் ஆலங்காயத்து டீக்கடைகளுக்குப் பழகிப்போன ஒன்று. தலையில் ஹெல்மெட், கண்ணில் வானவில் நிறக் கண்ணாடி, இடுப்பில் மெத்தை வைத்துத் தைத்த டவுசர். காலணியின் அடியில் பெடலைக் கவ்வும் கொக்கி இருப்பதால் சிமெண்ட் தரையில் டக் டக்கென்று வருவார். பெஞ்சில் இருப்பவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விடுவார்கள். அடுத்து அவர்கள் பார்வை வண்டியின் மேல் விழும்.

“எவ்ளோ சார் ஆவும் இது?”

வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்வார். அதற்கே கடையில் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும்.

“இவ்ளோ குடுத்தும் ஸ்டாண்டு தரலியா சார்? கேரியரும் காணோம்?”

எடை குறைப்பு, காற்றுத் தடை என்று அவர் விளக்கத் தொடங்குவார். கேட்டவருக்கு அதற்குள் அவர் மேல் பரிதாபம் வந்திருக்கும். யாரோ ஏமாற்றி விற்றுவிட்டார்கள்.

வெயிலைச் சும்மா சொல்லக் கூடாது. அது தன் பங்கைச் செய்துதான் இருக்கிறது. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வழியுமே தவிர, உடம்பு ஆறாது. போகிற வியர்வை உப்பையும் கொண்டுபோகும். வெறும் தண்ணீரையே மொண்டு குடித்தால் தலை கிறுகிறுக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்காக உப்புத் தூளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்திருக்கிறார். எதிரே தள்ளுவண்டியில் உப்புப் போட்ட நீர்மோர் விற்கிறது. அதை மட்டும் தொடமாட்டார்; எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று சொம்பின் மேல் எழுதி ஒட்டவில்லையே!

உடம்பு நிற்பதற்கு ரொம்ப முன்பே மனசு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுகிறது. இதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். முதலில் குற்றவாளி எதிர்க்காற்று. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் கடன்காரன் மாதிரி எதிரிலேயே வரும். அடுத்து பின்சக்கரத்தில் ஒரு சத்தம், அவர் காதுக்கு மட்டும். பிறகு முட்டி. கடைசியாக, திங்கட்கிழமை ஆபீசில் ஒரு மீட்டிங்.

சாமானியர் என்று நினைத்துவிடாதீர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டிய ‘பிரவே’ ஒன்றை முடித்துப் பதக்கம் வாங்கியவர். சைக்கிள் வரலாறும் அத்துபடி. 1923-ல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928-ல் சுற்றி முடித்து வந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் பாரசீகத்தோடு திரும்பிவிட்டார், ஒருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். “பாருங்க, அந்தக் காலத்துலயே ஐம்பது சதவீதம்!” என்பார். டெஹ்ரான் வரை மிதித்துவிட்டுத் திரும்பியவரையும் ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவரையும் ஒரே பட்டியலில் சேர்க்க ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். அது அவருக்குக் குறைவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர் மலையேறியிருக்கக் கூடும். புளிய மூட்டையை டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றிராவிட்டால்.

“எங்கப்பா போற?”

“ஜமுனாமரத்தூருங்க.”

“பஸ்ஸு போவுதே!”

வெயிலையும் எதிர்க்காற்றையும் சமாளிக்கிற ஆளுக்கு இந்த இரண்டு சொல்லுக்குப் பதில் கிடையாது. “உடம்புக்கு நல்லதுங்க” என்று முனகுவார்.

“போனா காசு கீசு குடுப்பாங்களா?”

“இல்லீங்க.”

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்ப்பார். பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளை போலிருக்கிறது. “மாஸ்டர், தம்பி டீக்கும் சேத்து எடுத்துக்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். அத்தோடு முடிந்தது கன்னியாகுமரிப் பயணம்.

தோல்வி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்ததே காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கத்தானாம். வேணு பாப்புவின் பெயரைத் தாங்கிய வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது என்று செல்போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வருவார். ‘கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில்’ என்ற இடத்தில் குரல் இறங்கும். பொதுமக்களைச் சனிக்கிழமைதான் விடுவார்கள் என்று மாஸ்டர் ஆறுதல் சொல்வார். இன்று ஞாயிறு. அவர் முகத்தில் வேலூருக்குப் பிறகு முதல் முறையாக ஒரு தெளிவு.

அப்புறம் ஒரு குட்டியானை வரும். சைக்கிளைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே படுக்க வைத்து வாணியம்பாடிக்கு வாடகை பேசுவார்கள். அடுத்த வாரம் நண்பர்களிடம் இந்தப் பயணத்துக்கு ‘ரூட் சர்வே’ என்று பெயர்.

இந்த வழியாக வரப்போகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாணியம்பாடியில் எல்லா விரைவு ரயிலும் நிற்பதில்லை; ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் போய்விடுவது உத்தமம். சைக்கிளை பார்சல் ஆபீசில் பதிந்து, அட்டை கட்டி, ரசீது வாங்க நேரம் பிடிக்கும். ஆகவே மனம் தளர்கிறவர்கள் தயவுசெய்து மதியம் இரண்டு மணிக்குள் தளர்ந்துவிடவும்.