ஜப்பான் சார்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக ஒரு ஜப்பான் கம்பெனி வருகிறது என்று பேப்பரில் செய்தி வந்தால் ஊரில் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். நிலம் வைத்திருப்பவர் சென்ட் விலையை ஏற்றுவார். ஐடிஐ முடித்த பையனின் அப்பா கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்புவார். பிரியாணிக் கடைக்காரர் இன்னோர் அண்டாவுக்குச் சொல்லிவைப்பார். ஜப்பான் சார் போடும் கணக்கே வேறு. பெருவாயலில் 52 ஏக்கரில் 1,891 கோடி ரூபாய் முதலீட்டில் மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசி தொழிற்சாலை கட்டப்போகிறது என்று 2023-ல் செய்தி வந்தபோது அவர் கேட்டது இதுதான்: "எத்தனை பேரு குடும்பத்தோட வருவாங்க? எத்தனை வருஷத்துல திரும்பிப் போவாங்க?"

வருகிறவர்களைவிடத் திரும்புகிறவர்கள்மேல்தான் அவருக்குக் கரிசனம். வீட்டைக் காலி செய்கிறவன் பீங்கானையெல்லாம் பிளேனில் கட்டிக்கொண்டு போக மாட்டான் பாருங்கள்.

ஜப்பான் சார் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். திருவள்ளூர் தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை, தொழிற்பேட்டை உள்ள ஊருக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் டூல் ரூமிலிருந்து ஓய்வு பெற்றவர். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு கைகோத்துத் திருவள்ளூரில் லான்சர் கார் செய்ய ஆரம்பித்ததே, அந்தச் சமயத்தில் அங்கேயோ, அதுபோன்ற ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்த பட்டறையிலேயோ வேலை பார்த்திருப்பார். மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்த ஜப்பான் இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு கொகேஷி பொம்மை கொடுத்துவிட்டுப் போயிருப்பார். உருண்டைத் தலை, உருளை உடம்பு. கை கால் எதுவும் கிடையாது. மற்றவர்கள் அதை டிவி மேல் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். நம்மவர் மட்டும் விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னா ஃபினிஷிங்! லேத்துல ஒரே பிடியில கடைஞ்சிருக்கான் சார்" என்றார்.

அதில் அவர் கண் தப்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொகேஷி உண்மையிலேயே வடகிழக்கு ஜப்பானின் தோஹோகு பகுதியில் லேத்தில் கடைகிற மர பொம்மைதான். கடைந்தவர் அடிப்பாகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்தை ஒரு தடவை பார்த்ததுதான் தாமதம், எதைக் கண்டாலும் தலைகீழாக்கி அடியைப் பார்க்கும் வியாதி இவருக்குத் தொற்றிக்கொண்டது.

தட்டில் தீட்டியிருக்கும் செர்ரிப் பூவோ ஃபூஜி மலையோ அவருக்குப் பொருட்டே இல்லை. அடியில் 'நிப்பான்' என்றிருந்தால் 1921-க்கு முன்னால் ஏற்றுமதியானது. 'ஜப்பான்' என்றிருந்தால் அதற்குப் பின்னால். அமெரிக்கச் சுங்கத்துறை போட்ட உத்தரவால் வந்த மாற்றம் இது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் போரில் தோற்று அமெரிக்கர் கையில் நாடு இருந்த காலம்; 1952-ல் அந்த முத்திரைக்கும் விடுதலை. இத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பேரனின் பிறந்தநாள்தான் நினைவில் நிற்காது.

கல்யாண வீட்டில் பீங்கான் கோப்பையில் காபி நீட்டிவிட்டால் போச்சு. குடித்துவிட்டுக் கவிழ்க்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. இடது கையால் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்ப்பார். பந்தியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடப்பது அதனால்தான். குடித்து முடித்த பிறகும் விட மாட்டார். சில பழைய ஜப்பான் கோப்பைகளின் அடிக்களிமண்ணில் கெய்ஷாப் பெண்ணின் முகத்தை மெல்லியதாக வடித்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் முகம் தெரியும். அதனால் காலிக் கோப்பைக்குள் ஒரு கண்ணை நுழைத்துக்கொண்டு ட்யூப்லைட்டைப் பார்ப்பார். எனக்குத் தெரிந்து இதுவரை அவருக்கு முகம் காட்டியது காபித் தூள் மட்டுமே.

வேட்டைக் களம், காயலான் கடை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் நிறைய. அவற்றுக்கு வெளிநாட்டிலிருந்தும் கழிவு இரும்பு கன்டெய்னரில் வந்து இறங்குகிறது. அதில் என்றைக்காவது ஒரு பெட்டி பொம்மை தவறிப்போய் வந்து சேரும் என்பது நம்மவர் நம்பிக்கை. வந்து சேர்வது பெரும்பாலும் துருதான். பீங்கானைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுக்க மாட்டார். உடைந்தால் குப்பை, உடையாவிட்டால் பாரம். அப்படி ஓரமாக ஒதுக்கிவைத்த சாமான்களைத்தான் இவர் மேய்வார். அதற்கு ஒரு நாடகம் உண்டு. பிடித்த கிண்ணத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். "இந்தக் குக்கர் மூடி என்ன விலைப்பா?" என்று ஆரம்பித்து, அடுத்து சைக்கிள் செயின், அடுத்து ஃபேன் றெக்கை என்று போய், கடைசியில் வேண்டாவெறுப்பாக, "அது என்ன, பழைய கிண்ணமா?" என்பார்.

இந்த நாடகம் ஊர் முழுக்கத் தெரியும். "ஜப்பான் சார் குக்கர் மூடியைக் கேட்டாருன்னா, கிண்ணத்தைத் தொடச்சு வெச்சுடு" என்று முதலாளி பையனுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். அப்படித் துடைத்து வைத்த ஒரு கிண்ணத்தை நம்மவர் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். அடியில் நீல நிறத்தில் இரண்டு வரி ஜப்பான் எழுத்து. ஏதோ பெரிய குயவர் குடும்பத்து முத்திரை என்று முடிவு கட்டிவிட்டார். கையில் இருந்த குக்கர் மூடிக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

காரைக்குடிக்கும் போய்வந்தார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய ஜப்பான் ஓடு, எனாமல் அடுக்கு எல்லாம் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அங்கே விலை சொல்கிறவர்கள் குக்கர் மூடிக்கெல்லாம் மசிகிற ரகம் இல்லை.

சென்னைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் மனிதர் கொஞ்சம் தளர்ந்துபோவார். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் புறப்படும் இடத்துக்கே மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். 1985-ல் எரிந்துபோன அந்தப் பழைய சந்தை நின்ற இடத்தில் இன்று பிளாட்பாரம். "இங்க நாலணாவுக்கு என்னென்ன கெடச்சிருக்கும்!" என்று கூட்டத்தில் இடிபட்டபடி பெருமூச்சு விடுவார். பின்னால் வருகிறவர், "ஏறுங்க சார், சீட்டு போயிடும்" என்று தள்ளிக்கொண்டு போவார்.

அவருடைய பெரிய ஆராய்ச்சிக்களம் பழவேற்காடு. இதில் முழுக்கக் கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். அதே டச்சுக் கம்பெனிதான் 1641-லிருந்து நாகசாகியின் தெஜிமா தீவில் உட்கார்ந்து, வேறெந்த ஐரோப்பியனுக்கும் கிடைக்காத அனுமதியோடு ஜப்பானில் வியாபாரம் செய்தது. சோழமண்டலக் கரையின் துணி அவர்கள் கப்பலில் ஜப்பானுக்குப் போயிற்று. அங்கிருந்து அரிதா ஊர்ப் பீங்கான், இமாரி என்ற பெயரில், மேற்கே வந்தது. "துணி போச்சுல்ல? போன கப்பல் சும்மாவா திரும்பும்?" என்பார் நம்மவர். கேள்வி நியாயமானது, ஏரிக்கரையில் அவருக்குக் கிடைக்கிற பதில்தான் சரியில்லை. மழை விட்டதும் போய், நீலமும் வெள்ளையுமாக ஒரு சில்லைப் பொறுக்கிவந்து, பஞ்சில் சுற்றி, '17-ஆம் நூற்றாண்டு, இமாரி' என்று சீட்டு எழுதி வைத்தார். அதே நீலம், அதே பூ, பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் முழுசாக இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போகும்போது நம்மவர் கைகால் கழுவக்கூட உள்ளே போவதில்லை.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஃபைவ் எஸ் என்ற ஜப்பான் ஒழுங்குமுறையைப் படித்தவர். தேவையில்லாததைப் பிரித்து, சிவப்பு அட்டை கட்டி, கெடுவுக்குள் யாரும் கேட்காவிட்டால் வெளியேற்று என்பது அதில் முதல் பாடம். சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்லிச் சொல்லி அவர் சம்சாரத்துக்கும் மனப்பாடம். இப்போது அலமாரியில் எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்குகிறது. கட்டியது அந்த அம்மா. ராத்திரியில் அவிழ்ப்பது இவர்.

நவராத்திரியில் மட்டும் சமாதானம். கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், சிவப்பாக உருண்டையாக, கை கால் இல்லாத தருமா உட்கார்ந்திருக்கும். ஒரு கண்தான் இருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை எழுதுவது, வேண்டியது நடந்தால் மற்றதை எழுதுவது என்பது அங்கத்து வழக்கம். சுண்டலுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இது யாருண்ணே, ஒத்தைக் கண்ணு சாமி?" என்று கேட்டார். "போதிதர்மர்மா. காஞ்சிபுரத்துல இருந்து போனவருன்னு சொல்வாங்க. நமக்குப் பக்கத்து ஜில்லாதான்" என்றார் இவர். அந்த அக்கா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் நம்மவரிடம் வேலை பழகிய பையன் ஒருவன், தன் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் ஜப்பான் இளைஞரை வீட்டுக்கு அழைத்துவந்தான். நம்மவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தொள்ளாயிரம் ரூபாய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் அதைவிடப் பணிவாக இரண்டு கையாலும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சங்கடம். பையனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"சார், மைக்ரோவேவ்ல வெக்கலாமாம். அதான் எழுதியிருக்காம்."

கூடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அந்த அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு வருஷம் சும்மா கெடந்திருக்காதே" என்று உள்ளே போனார். மத்தியானச் சாம்பார் சுட்டது.

விருந்தாளிக்கு எவர்சில்வர் டபரா டம்ளரில் காபி வந்தது. குடித்து முடித்ததும் அவர் டபராவைத் தூக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பிறகு அடியைப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நம்மவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அம்மா, இது என்ன எழுத்துன்னு கேக்கறார்."

"எங்கம்மா பேரு. எனக்குக் கல்யாணத்துல குடுத்தது."

"எவ்ளோ ஆனாலும் வாங்கிக்கறேன்றாரு."

"அதைத் தர மாட்டேன்ப்பா. வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கி அவரு பேரையே வெட்டித் தரேன், காசு வாணாம். ஆனா ஊருக்குப் போறப்போ இந்த அலமாரியையும் கையோட எடுத்துனு போயிடணும். அதையும் சேத்துச் சொல்லு."

பையன் சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் பாதியை மட்டும் சொன்னான்.