டூ-வே சார்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். மற்றவர்களுடைய கார் ரிமோட்டைப் பார்த்தாலே அவருக்குப் பரிதாபம் பொங்கும். "உங்களுது ஒன்-வே சார். நீங்க சொல்றது வண்டிக்குக் கேக்கும். வண்டி சொல்றது உங்களுக்குக் கேக்காது" என்பார். அவருடையது கேட்கும். லுங்கி மடிப்பில் செருகியிருக்கும் அந்த ரிமோட்டில் குட்டித் திரை உண்டு. காரை யாராவது இடித்தால் அது அதிரும், கத்தும், திரையில் ஒரு சுத்தியல் படம் மின்னும்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இந்த டூ-வே அலாரத்தைப் பொருத்திய அன்று, கடைப் பையன் பாடு பெரும்பாடு. ஆன்டெனா தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, அவ்வளவுதான். "பில்லருக்குள்ள சொருகிடவா சார்? வெளிய தெரியாது" என்றான் பையன். "தகரத்துக்குள்ள வெச்சா சிக்னல் எப்படிப்பா வெளிய வரும்? கண்ணாடி உச்சியில ஒட்டு. ஒயரை ஏர்பேகுக்குப் பின்னால விடு, குறுக்க போவக் கூடாது." இதுவரை சார் சொன்னது அத்தனையும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஃபாஸ்டாகை விட்டுத் தள்ளி ஒட்டு. ரெண்டும் அடிச்சுக்கும்." ஃபாஸ்டாக் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இந்த அலாரங்கள் பெரும்பாலும் 433. ஒன்றின் பேச்சில் மற்றொன்று தலையிடாது. பையன் வாதாடவில்லை. நாலு விரற்கடை தள்ளி ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்றபோது வீட்டில் துக்கம் காத்தவர் இவர். இப்போது கதையே வேறு. "உலோகப் பூச்சு ஃபிலிம் சிக்னலைத் தின்னுடும் சார். அதான் நான் அப்பவே கிழிச்சேன்."

அட்டைப்பெட்டியில் கிலோமீட்டர் கணக்கில் தூரம் போட்டிருக்கும். அது வெட்டவெளிக் கணக்கு. கார் நிற்பதோ ஸ்டில்ட் பார்க்கிங்கில், சார் இருப்பதோ நாலாவது மாடியில், நடுவில் முழுக்கக் கான்கிரீட். அதனால் தினமும் ராத்திரி பால்கனிக் கம்பியில் சாய்ந்து, ரிமோட்டைத் தாடைக்கு அடியில் வைத்து, வாயை லேசாகத் திறந்து பட்டனை அழுத்துவார். எதிர் பிளாட் பாட்டி பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தனுப்பினார். சிரிக்க வேண்டாம், இந்த வித்தை உண்மையிலேயே பலிக்கும். தலையில் இருக்கும் நீர்ச்சத்து அலையோடு சேர்ந்துகொள்வதால் எட்டும் தூரம் கொஞ்சம் கூடும். கீழே கார் 'க்விக் க்விக்' என்று பதில் சொன்ன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஷாக் சென்சாரில் ஒரு திருகு இருக்கிறது, எவ்வளவு அதிர்ந்தால் கத்த வேண்டும் என்று வைக்க. சார் அதைக் கடைசிவரை முறுக்கியிருக்கிறார். தண்ணீர் லாரி வந்தால் கத்தும். இடி இடித்தால் கத்தும். பானெட்டில் பூனை குதித்தால் கத்தும். தீபாவளி அன்று எப்போது நிற்கும் என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டார்ச்சோடு நாலு மாடி இறங்குவார். லிஃப்டுக்குக் காத்திருந்தால் திருடன் போய்விடுவானாம். மற்றவர்கள் அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கப் பழகிவிட்டார்கள். நிஜத் திருடன் வந்தால் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்குள் ஒரு குறை உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருவன்கூட அந்தக் காரைத் திருட வரவில்லை. போன வாரம் வாட்ச்மேன் வந்து, "சார், ராத்திரி ரெண்டு பசங்க நோட்டம் வுட்டுட்டுப் போனானுங்க" என்றார். சார் முகத்தில் அப்படி ஒரு களை.

"நம்ம வண்டியையா?"

"இல்ல சார், பக்கத்துல நின்ன புல்லட்ட."

சார் ஒன்றும் பேசவில்லை. ஸ்குரூடிரைவர் எடுத்து வந்து, இன்னும் ஏதாவது திரும்புமா என்று அந்தத் திருகைப் பார்த்தார்.