பழைய ப்ரீ, புது ப்ரீ, நடுவில் ஒரு மயில்

தொப்பம்பட்டியில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். அவருடைய ஆம்ப்ளியைக் குறை சொன்னால் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

என் மாமா ஒரு காலத்தில் மைக்செட் வைத்திருந்தவர். சுற்றுப்பட்டில் காதுகுத்து, சீர், கிடாவெட்டு எது நடந்தாலும் அவருடைய குழாய்தான் வேப்பமரத்தில் ஏறும். தொழிலை விட்ட பிறகு அவரிடம் மிச்சம் இருப்பது ஒரு ப்ரீ ஆம்ப். 1980களில் சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் சுமந்து வந்த ஜப்பான் சரக்கு, அந்தக் கம்பெனியின் அன்றைய உச்ச மாடல். அதற்கு வெல்வெட் உறை உண்டு. அத்தையின் பட்டுப்புடவை பழைய வேட்டியில்தான் சுற்றியிருக்கிறது.

அமைதியாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் குடும்பத்தில், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை புத்தம்புதிய ப்ரீ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். விலையைக் கேட்ட அத்தை, “ரெண்டு கறவை மாடு வாங்கியிருக்கலாமே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமாவுக்குத்தான் சங்கடம். வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் திண்ணையிலேயே வைத்து ஏசியிருப்பார். மாப்பிள்ளையை ஏச முடியுமா? “நல்லாருக்குதுங்க மாப்ள. பளபளன்னு இருக்குது” என்றார். ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளைக்கும் அது புரிந்தது. தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

ப்ரீ என்றால் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: ரெக்கார்டு முள் கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். அதைத் தூக்கிவிட வேண்டும். தட்டில் வெட்டும்போது குறைத்த அடி ஒலியைக் கூட்ட வேண்டும், கூட்டிய மேல் ஒலியைக் குறைக்க வேண்டும். 1954இல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகள் இதற்கு ஒரு பொதுக் கணக்கு வகுத்தன. அப்போது ப்ரீ உண்மையிலேயே உழைத்தது. 1982இல் சிடி வந்தது. அது தானாகவே 2 வோல்ட் கொடுக்கும். பவர் ஆம்ப் முழு மூச்சில் பாடப் பெரும்பாலும் அதுவே தாராளம். ஆகவே இன்றைக்கு லட்சங்களைக் கொடுத்து ப்ரீ வாங்குகிறவர், பெரும்பாலும் சத்தத்தைக் குறைப்பதற்காகத்தான் வாங்குகிறார். இதை நான் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. மத்தியானம் அத்தை வீட்டில் கோழி அடித்திருந்தார்கள்.

மாமாவின் கட்சிக்கும் பலம் உண்டு. அமெரிக்காவில் 1958இல் வந்த மராண்ட்ஸ் 7 என்ற வால்வு ப்ரீயை, 1990களில் அதே பெயரில் அப்படியே மறுபடி செய்து விற்றார்கள். புதுசு எல்லாவற்றிலும் உசத்தி என்றால் கிழவனை எழுப்புவானேன்? மாப்பிள்ளை விடவில்லை. எல்எம்4562 என்று ஒரு ஐசி, அதன் சிதைவு 0.00003 சதவீதம் என்று ஆரம்பித்தார். மைக்செட் காலத்தில் மாமா தன் கையாலேயே ஈயம் வைத்த அசெம்பிள் செட்டுகளில் இருந்தது 4558. சில ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த ஐசியை வெளிநாட்டு கிடார்க்காரர்கள் தங்கள் பெடலுக்குள் வைத்துப் பூசை செய்கிறார்கள் என்பது தனிக் கதை.

சோதனை தொடங்கியது. எக்கோ கம்பெனி போட்ட இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ரெக்கார்டு. 1986இல் வந்தது, மாமா முள் தேயாமல் காத்து வைத்திருப்பது. புது ப்ரீயில் போட்டதும் வயலின்கள் முன்னால் வந்து நின்றன. மாப்பிள்ளை மீசையைத் தடவினார். மாமா, “சத்தம் ஜாஸ்திங்க. சங்கதி இல்லீங்க” என்றார்.

அவர் வாயில் வந்தது முழு உண்மை. அரை டெசிபல் கூடினாலே நம் காது அதைச் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்லாது, ‘தெளிவாகிவிட்டது’ என்று சொல்லும். கடைக்காரர்கள் இந்த வித்தையால்தான் பிழைக்கிறார்கள். அதனால் மல்டிமீட்டரை ஸ்பீக்கர் ஒயரில் வைத்து, 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அந்த ‘கூ’வென்ற ஒலிக்கு வேலிக்கு அப்பால் இருந்து மயில் ஒன்று பதில் சொன்னது. பிறகு அது நிறுத்தவேயில்லை.

அளவு சமமானதும் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கட்சிக்காரர்கள் இருவராலும் முடியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், மாமாவின் ப்ரீயில் ‘ம்ம்ம்’ என்று மெல்லிய ஹம்மிங். “அதுதானுங்க அந்தக் காலத்துச் சூடு” என்றார் மாமா. சூடுதான், ஆனால் அவர் சொன்ன சூடு இல்லை. உள்ளே இருக்கும் கண்டன்சர்களில் ஈரப்பசை உண்டு. வெக்கை பத்து டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாற்பது வருசம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? கண்டன்சர்களை மாற்றியதும் ஹம்மிங் போய்விட்டது. மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

புதுசு அளவில் ஜெயித்ததை மறுப்பதற்கில்லை. இரைச்சல் குறைவு, சிதைவு குறைவு, இரண்டும் மீட்டரில் தெரியும். ஆனால் மின்விசிறி, மயில், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எல்லாம் சேர்ந்து நாற்பது டெசிபலுக்கு மேல் போடுகிற வீட்டில் அந்த வெற்றியைக் கேட்க ஆள் இல்லை. எழுபதைத் தாண்டிய மாமாவின் காதுக்கு உச்ச ஸ்தாயியில் கொஞ்சம் எட்டாது. நாள் முழுக்க ஹெட்போன் மாட்டுகிற மாப்பிள்ளையின் காதுக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். இதற்கு மேல், ப்ரீயில் சிதைவு பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் நல்ல ஸ்பீக்கரிலேயே அடி ஒலியில் ஒரு சதவீதம் சாதாரணம். வாசல் முழுக்கப் பள்ளமாக இருக்கும்போது காருக்குப் பாலீஷ் போடுகிற கதை.

ஒன்றில் மட்டும் மாமாவின் ப்ரீக்கு என் ஓட்டு. அதைத் திறந்தால் ஒவ்வொரு சாமானையும் கண்ணால் பார்க்கலாம், கையால் மாற்றலாம். புதுசின் உள்ளே ரிமோட்டுக்கென்று இருக்கும் சில்லு போய்விட்டால், அதற்கு மாற்றுச் சில்லும் கிடைக்காது, ஈயம் வைக்க இடமும் தெரியாது.

வீட்டில் பழைய ப்ரீ இருப்பவர்கள் அதை விற்பதற்கு முன் கண்டன்சர்களை மாற்றிக் கேட்டுவிடுங்கள். புதுசு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தில் முக்கால்வாசியை ஸ்பீக்கரில் போடுங்கள்.