குடும்பப்பெயருக்கு எங்கே போவது?

உசாத்துணை விதிகளை வகுத்தவர்கள் வன்னியில் ஒரு கலியாணவீட்டுக்காவது வந்திருந்தால், "ஆசிரியரின் குடும்பப்பெயரை முதலில் எழுதுக" என்று இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களிடம் குடும்பம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த அந்தச் சாமான்தான் இல்லை.

மற்ற விதிகள் சுகம். ஏ.பி.ஏ. என்னும் உசாத்துணை முறை 1929இல் ஏழு பக்கச் சஞ்சிகைக் கட்டுரையாகப் பிறந்து, 2019இல் ஏழாம் பதிப்பாகி நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. சஞ்சிகைக் கட்டுரைக்கு வேண்டியது கொஞ்சம்தான்: பெயர், அடைப்புக்குள் ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, இதழ், பக்கங்கள், இருந்தால் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண். சஞ்சிகையின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும். இதழ் எண் மட்டும் அடைப்புக்குள் நிமிர்ந்து இருக்கும், பந்தலுக்குள் வராமல் படலையடியில் விறைத்துக்கொண்டு நிற்கும் மாமாவைப்போல.

பெறாமகள் பம்பைமடு கம்பஸில் இறுதியாண்டு. (2021 ஆகஸ்டில் அது வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் கம்பஸ்தான். அதற்கு முந்திய ஆய்வேடென்றால் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வவுனியா வளாகம்" என்றே போடவேண்டும்.) மண்ணின் உவர்த்தன்மை பற்றிய கட்டுரையொன்றை வைத்துக்கொண்டு, "சித்தப்பா, இதில ஆர் தகப்பன், ஆர் மகன்?" என்றாள்.

செல்லையா மகன் முருகேசு என்று வையுங்கள். வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பும்போது முருகேசு தன் பெயரை முன்னுக்குப் போட்டுவிட்டார். கொம்பியூட்டர் கடைசிச் சொல்லைப் பிடித்து "செல்லையா, மு." ஆக்கிவிடும். முத்தையன்கட்டுக் குளத்தின்கீழ் வயல் விதைக்கிற செல்லையா அண்ணை ஒரே இரவில் ஆய்வாளர். யோசித்தால், உவர்மண்ணைப் பற்றி அவருக்குத்தான் கூடத் தெரியும்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். கலியாணத்தோடு முதலெழுத்து மாறினால், கூகிள் ஸ்கொலருக்கு அவர் இரண்டு ஆள். இப்படியான பெயர்க் குழப்பத்துக்காகவே 2012இல் ஆய்வாளருக்கான ஓர்கிட் எண் வந்தது. தாலி ஏறினாலும் மாறாத 16 இலக்கம்.

பெரியவர்களும் தப்பவில்லை. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' சஞ்சிகையைத் தொடங்கிய சேவியர் தனிநாயகம் அடிகள் ஆங்கிலத்தில் தன் பெயரைத் தனி, நாயகம் என்று பிரித்து எழுதுவார். அசட்டையாக விட்டால் உசாத்துணைப் பட்டியலில் வெறும் "நாயகம்" ஆகி, அடிகள் வேறொரு வீட்டில் இருப்பார். 1895இல் வன்னி மாவட்டங்களுக்குக் கைநூல் எழுதிய வெள்ளைக்கார அதிகாரிக்கோ ஒரு கரைச்சலும் இல்லை: "லூயிஸ், ஜே. பி." வன்னி பற்றிய பட்டியலில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

பெறாமகளுக்கு நான் சொன்ன வழி இது: உசாத்துணையைத் தானே எழுதித்தரும் 'சைட்' (cite) பொத்தான் தருவதை நம்பாதே. ஆசிரியரின் வேறு கட்டுரைகளை எடுத்து, எது அவருடைய சொந்தப் பெயரென்று பார். அதை முன்னுக்குப் போட்டு, தகப்பனை ஓரெழுத்தாக்கிப் பின்னுக்கு வை.

அவள் அப்படியே செய்தாள், தன் ஆய்வேட்டின் முன்பக்கத்திலும். அண்ணர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கனநேரம் பார்த்தார்.

"என்ர பேரை ஏன் பிள்ளை ஒரு எழுத்தாக்கினனி? அறை வாடகை முழுப்பேரும்தானே கட்டினது?"