உறைப்புக்கு ஒரு மருமகன்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை நோர்வே மருமகன் சாப்பிட வருகிறார். தாய்லாந்து முறையில் உறைப்பான நூடுல்ஸ் செய்ய ஆசை. தாங்குவாரா?
– ஒரு மாமியார், ஒஸ்லோ

பதில்: நூடுல்ஸ் அவருக்குப் புதிதல்ல, அம்மா. கொரியப் போரில் காயப்பட்டு, 1954-இல் சிகிச்சைக்காக நோர்வே வந்த லீ சுல்-ஹோ, பின்னாளில் 'மிஸ்டர் லீ' நூடுல்ஸை விற்று நாட்டையே உறிஞ்ச வைத்துவிட்டார். மருமகனுக்குப் பாதிப் பயிற்சி எப்போதோ முடிந்திருக்கும். மீதிக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆசியக் கடையில் எலுமிச்சைப் புல், பேரரத்தை, மீன் சோஸ், டின் தேங்காய்ப்பால் வாங்குங்கள். பேரரத்தையைக் கண்டதும் கஷாயம் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். டின்னின் மேலே திரண்டிருக்கும் கெட்டிப்பாலை மட்டும் வழித்தெடுத்து, எண்ணெய் பிரியச் சூடாக்கி, அதில் சிவப்புக் கறி விழுதை வதக்குங்கள். வாசனை வந்ததும் மீதிப் பால், கோழிச் சாறு, தட்டிய புல், அரத்தைத் துண்டுகள். மீன் சோஸே உப்புக்கரிக்கும். உப்பு டப்பாவைத் தொடாதீர்கள். அரிசி நூடுல்ஸைத் தனியே வேகவைத்து, பரிமாறும்போது சேருங்கள். சாற்றிலேயே கிடந்தால் களியாகிவிடும். தேசிக்காய்ப் புளி, அடுப்பை அணைத்த பிறகு.

மருமகன் சிவந்தால் தண்ணீர் நீட்டாதீர்கள். மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு கிளாஸ் பால் கொடுங்கள். பக்கத்து டென்மார்க்கில் 2024-இல் உறைப்பு மிஞ்சிவிட்டதென்று மூன்று கொரிய நூடுல்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். நல்லவேளை, மாமியார் சமையலைத் திரும்பப் பெற எந்த நாட்டிலும் சட்டமில்லை!